தெருவின் கணக்கைத் தெருதான் எடுக்க வேண்டும்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்



ஆவணி பிறந்ததும் உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் மழைநீர் வடிகால் பேச்சு ஆரம்பித்துவிடும். எங்கே மூடி உடைந்திருக்கிறது, எங்கே தூர் வாரிய சேற்றை அள்ளாமல் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எந்தக் குழியில் போன வாரம் ஸ்கூட்டர் இறங்கியது என்று படம் படமாக வரும். மனு எழுதுவீர்கள். மாநகராட்சி உதவிப் பொறியாளரை, ஏ.இ.யை, அழைத்துவந்து காட்டுவீர்கள். வேலை நடக்காவிட்டால் கவுன்சிலர் வீட்டுக்கே போவீர்கள். இந்த விடாப்பிடி இல்லையென்றால் தென் சென்னையின் நிலை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆகவே குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் செய்துவரும் வேலைக்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். ஐப்பசி மழைக்கு முன்னால், பருவநிலை மாற்றத்தால் உங்கள் தெருவுக்கு என்னென்ன வரும், யாருக்கு எவ்வளவு அடிபடும் என்ற பாதிப்பு மதிப்பீட்டை நீங்களே எடுங்கள். எடுக்கும்போது சங்கத்துக்குச் சந்தா கட்டாதவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

அரசு எடுத்த கணக்கு ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சி40 நகரங்கள் கூட்டமைப்பின் துணையோடு தயாரான சென்னை காலநிலை செயல்திட்டத்தின் வரைவை மாநகராட்சி 2022 செப்டம்பரில் வெளியிட்டது. முதலில் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே தமிழில் கிடைத்தது. 2023 ஜூனில் இறுதி வடிவம் வெளியானது. 2100க்குள் நகரின் 67 சதுர கி.மீ., அதாவது 16 சதவீதப் பரப்பு, நிரந்தரமாக நீருக்குள் போகலாம் என்றும், ஐந்தே ஆண்டுகளில் கடல்மட்டம் 7 செ.மீ. உயர்ந்து கரையோரம் 100 மீட்டருக்கு ஆபத்து வரலாம் என்றும் வரைவு சொன்னது. நாளிதழ்கள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. அந்த 7 செ.மீ. கணக்கைக் கேள்வி கேட்கலாம். 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மி.மீ. உயர்ந்ததாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் அறிக்கை சொல்கிறது. அந்த வேகத்தில் ஐந்தாண்டுக்கு 2 செ.மீ.கூட ஆகாது. ஆனால் இந்த எண் சரியா தவறா என்று வாதாடிக்கொண்டே இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அதுவரை நம் தெருவைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

மாநகராட்சி எல்லை 426 சதுர கி.மீ., 200 வார்டுகள். அந்த அளவில் போடும் வரைபடத்தில் மந்தைவெளிக்கு ஒரே வண்ணம்தான் விழும். அந்த வண்ணத்துக்குள் நாலு மாடி அடுக்ககமும் இருக்கிறது, பக்கிங்காம் கால்வாயோரத் தகரக் கூரையும் இருக்கிறது. இன்னும் மேலே போனால் இன்னும் மங்கும். 2021இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நாடு முழுவதற்கும் இப்படி ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் உள்ளிட்ட எட்டு மாநிலங்கள் மிக நலிந்தவை என்றது. அவற்றில் தமிழ்நாடு இல்லை. நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமையால் அடையாற்று முகத்துவாரத்தில் இருக்கும் சீனிவாசபுரத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

பாதிப்பை அளக்க வேண்டுமானால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். என்ன வரப்போகிறது? அது யார்மேல், எதன்மேல் வந்து விழும்? விழுந்தால் அவர்கள் தாங்குவார்களா, எழுந்து நிற்கக் கையில் என்ன இருக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதற்குத் தெருக்காரர்களைவிட்டால் ஆளில்லை. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்ற படத்தை எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம். முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில் பட்டவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது, அதில் தவறில்லை. கார் வைத்திருப்பவர் மேலே ஏற்றிவிட்டார். இட்லிக்கடைத் தள்ளுவண்டிக்கு மேம்பாலம் கிடையாது. மழை ஒன்றுதான், தெருவும் ஒன்றுதான். மூன்றாம் கேள்வியில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார்ப்போம். உங்கள் மூன்று வட்டாரங்களும் தனித்தனிச் சங்கங்களாக இருந்தாலும் தண்ணீருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். 1920களில் தொடங்கி அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. ஏரியை மூடினாலும் நிலத்தின் சரிவை மூட முடியாது. மழைநீர் இன்றைக்கும் பழைய பள்ளத்தைத் தேடித்தான் வருகிறது. வந்த நீரை எடுத்துப்போக இருப்பது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் புறப்பட்டு, தி.நகர் வீடுகளின் முதுகுப்புறமாக நுழைந்து, நந்தனம் அருகே அடையாற்றில் சேர்கிறது. மொத்தம் ஆறு கி.மீ.கூட இல்லை.

2021 நவம்பர் 7 காலை வரையான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் சுமார் 21 செ.மீ. மழை பெய்தது. தி.நகரில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கால்வாய்க்குள் கிடந்த கட்டட இடிபாடுகள்தான் அடைத்துக்கொண்டன என்று அப்போது ஊரே பேசியது. பாண்டி பஜாரில் பளபளவென்று நடைபாதை வளாகம் திறந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் வெள்ளத்தைத் தணிக்க வழி சொல்லும் குழுவை அரசு அமைத்தது.

கால்வாயைக் கண்ணாடிபோலத் துடைத்து வைத்தாலும் பிரச்சினை தீராது. அடையாறு நிரம்பி ஓடும்போது கால்வாய் நீர் அதில் நுழைய முடியாமல் பின்வாங்கி ஏறும். அடையாறு எவ்வளவு சீக்கிரம் வடியும் என்பது சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே இருக்கும் முகத்துவாரத்தைப் பொறுத்தது. கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் அங்கே திட்டாகப் படியும். மழைக்காலத்துக்கு முன் பொக்லைன் வைத்து வெட்டித் திறந்துவிடுகிறார்கள். கடல் ஏற்றமாக இருக்கும் நேரம் பார்த்து மழை கொட்டினால் திறந்த வாயாலும் பயன் குறைவு. கடல்மட்டம் சில செ.மீ. உயர்வது நம்மை முதலில் தொடப்போவது இந்த வழியாகத்தான். அலை மயிலாப்பூர் லஸ் முனைக்கு வந்துவிடாது. ஆறு வடிய எடுக்கும் நேரம் நீளும், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் நேரம் முழுக்க உஸ்மான் சாலையிலும் கோட்டூர்புரத்திலும் தண்ணீர் நிற்கும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறப்பு. அதோடு தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். எல்லாம் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் கரையைத் தாண்டியது. ஏரியைத் திறந்துவிட்ட முறையில் குற்றம் இருந்ததாக 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொன்னது. அதை வைத்து இன்றுவரை விவாதம் நடக்கிறது. தெருவுக்கு அதில் கிடைக்கும் பாடம் எளிது: உங்கள் வாசலில் நிற்கும் நீர் உங்கள் வாசலில் பெய்ததாக இருக்க வேண்டியதில்லை. அதேபோல் நீங்கள் வேகமாக வெளியேற்றும் நீர் அடுத்தவர் வாசலில் போய் நிற்கும். தி.நகர் சங்கம் பெரிய வடிகால் கேட்டு வாங்கினால், அந்த நீர் எங்கே போய் முட்டுகிறது என்று அடையாறு சங்கத்திடமும் ஊரூர் குப்பத்து மீனவர்களிடமும் கேட்டாக வேண்டும். ஈ.சி.ஆர். ஓரக் குடியிருப்புகள் சில, மணல் நிலத்தில் மழைநீர் தானாகவே இறங்கிவிடும், கான்கிரீட் வடிகால் எதற்கு என்று எதிர்த்து நின்றன. தங்கள் மண் எப்படிப்பட்டது என்று தெரிந்து வைத்திருந்ததால்தான் அப்படி வாதாட முடிந்தது.

இனி மூன்றாம் கேள்விக்கு வருவோம்.

ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கில், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதில் வாட்ச்மேன், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறினால் மூன்றாம் மாடியில் பால் பாக்கெட் வராது, இணையம் வராது. கீழே அந்த அறையில் அரிசி நனையும், பிள்ளையின் மார்க் ஷீட் நனையும், ரேஷன் கார்டு நனையும். தெருமுனை மின் பெட்டியில், அதாவது பில்லர் பாக்ஸில், நீர் ஏறுவதற்குள் ஈ.பி.காரர்கள் கரண்டை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஓடும். அந்த அறைக்கு அதிலிருந்து இணைப்பு இருக்காது. சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடை கலந்த நீர் உள்ளே இறங்கும். வெள்ளம் வடிந்த பிறகு அந்தச் சம்ப்பில் இறங்கிக் கழுவுவதும் அதே வாட்ச்மேன்தான். அடுக்ககத்தில் மிக அதிகமாக அடிபடும் குடும்பம் அது. சங்கத்தின் பதிவேட்டில் அந்தக் குடும்பத்தின் பெயர் இருக்காது. அவர்கள் ஃபிளாட் வாங்கியவர்களும் இல்லை, வாடகைக்கு இருப்பவர்களும் இல்லை.

வீட்டு வேலைக்கு வரும் அம்மா எங்கிருந்து வருகிறார்? தெருமுனையில் அயர்ன் வண்டி போட்டிருப்பவர் ராத்திரி எங்கே படுக்கிறார்? மழை நான்கு நாள் நின்று பெய்தால் அவர்களுக்கு நான்கு நாள் கூலி போகும். அந்த நான்கு நாள் கடன் பொங்கல் வரை துரத்தும். எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்ற கணக்கில் இதெல்லாம் வராது. தண்ணீர் புகாத வீட்டிலும் வெள்ளம் புகுந்துவிடும்.

வெள்ளத்தை விடச் சத்தமில்லாமல் கொல்வது வெயில். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது உச்சம். ஆனால் சென்னையில் ஆளைச் சாய்ப்பதற்கு அவ்வளவு டிகிரி தேவையில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. ராத்திரியும் புழுங்கினால் உடம்புக்கு ஓய்வே கிடையாது. 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படைச் சாகசம் பார்க்க மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், பலர் மயங்கி விழுந்தார்கள். கத்திரி வெயில்கூட இல்லை, புரட்டாசி மாதம். நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் போதவில்லை, கூட்டத்திலிருந்து வெளியேற வழி கிடைக்கவில்லை. அதே மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது.

தி.நகர் சங்கங்கள் வெயில் கணக்கை எடுத்தால் ரங்கநாதன் தெருவையும் உஸ்மான் சாலையையும் விட்டுவிட முடியாது. துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கடைக்குள் ஏ.சி. இருக்கும். வேலை முடிந்து அவர்கள் போய்ப் படுக்கும் அறையில், பத்துப் பேருக்கு ஒரு மின்விசிறி சுற்றும் மேல்மாடியில், இரவு எத்தனை டிகிரி? நம் வீட்டு ஏ.சி.யின் வெளிப்பெட்டி ஊதும் சூடு எந்தச் சந்துக்குள் போகிறது? நூறு ரூபாய்க்கோ இருநூறுக்கோ கிடைக்கும் வெப்பமானியை அடுத்த மே மாதத்தில் ஒரு வாரம் தகரக் கூரைக்குக் கீழும், உங்கள் கூடத்திலும், நடைபாதையிலும் மாட்டிப் பாருங்கள். எந்த ஆராய்ச்சி நிறுவனமும் உங்கள் தெருவுக்குத் தர முடியாத தகவல் அதில் கிடைக்கும்.

மயிலாப்பூருக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இரண்டு பேர் அல்லது ஒருவர் மட்டும் பழைய ஃபிளாட்டில். வசதிக்குக் குறைவில்லை. சிகாகோவில் 1995 ஜூலையில் வெப்ப அலை வந்தபோது சுமார் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் அதை ஆராய்ந்து புத்தகம் எழுதினார். ஒரே மாதிரி ஏழ்மை கொண்ட, ஒட்டியிருந்த இரு பகுதிகளில் இறப்பு ஒரே மாதிரி இல்லை. கடைகளும் நடமாட்டமும் உள்ள தெருக்களில் முதியவர்கள் வெளியே வந்தார்கள், அவர்கள் வரவில்லையென்றால் யாராவது போய்க் கதவைத் தட்டினார்கள். ஆளரவமற்றுப் போன தெருக்களில் முதியவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இறந்தார்கள். மாட வீதிகளின் காய்கறிக்கடையும் பூக்கடையும் நடைபாதைக்கு இடைஞ்சல் என்று மனுப் போடும்போது இதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். "மாமி இரண்டு நாளா வரலையே" என்று முதலில் கவனிப்பவர் அந்தக் கீரைக்காரம்மாதான். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்த பிறகு, 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். எச்சரிக்கை வந்ததும் யார் யாருக்கு அழைக்க வேண்டும் என்ற பட்டியல் அந்த ஊரில் கையில் இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா?

வறட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் நீங்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். 2015இல் மூழ்கிய இதே ஊரில் 2019 கோடையில் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. மந்தைவெளியில் அதற்கென்றே ஒரு மழை மையம் இயங்கிவந்தது. கட்டிய சேகரிப்புத் தொட்டிகளில் எத்தனை இன்று மண் அடைத்துக் கிடக்கின்றன என்று மட்டும் எண்ணிப்பாருங்கள். 2019இல் லாரித் தண்ணீர் வாங்க முடிந்தவர் யார், தெருப் பம்பில் குடத்தோடு நின்றவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். உங்கள் மனுக்களில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் வரி ஒன்று உண்டு: நீர்நிலை ஆக்கிரமிப்புகளை உடனே அகற்ற வேண்டும். ஆற்றோரத்தில், கால்வாயோரத்தில் யாரும் வாழக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளத்தில் முதலில் போவது அவர்கள் உயிர்தான். ஆனால் அகற்றியவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தோம் என்று பார்த்தீர்களா? 2015க்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளமான இடம் அது. பக்கத்துச் செம்மஞ்சேரிக் குடியிருப்பு 2015இலும் அதற்குப் பிறகும் பலமுறை தண்ணீரில் தத்தளித்தது. அந்தச் சதுப்பு நிலத்தின் மிச்சத்துக்குத்தான் 2022இல் சர்வதேச ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஆற்றோரத்திலிருந்து எடுத்துச் சதுப்பு ஓரத்தில் வைத்திருக்கிறோம். வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இங்கேயே இருக்க, ஆட்களை மட்டும் ஏறத்தாழ 20 கி.மீ. தள்ளி வைத்தோம். அவர்களுடைய ஆபத்து குறையவில்லை. எழுந்து நிற்கக் கையில் இருந்ததுதான் குறைந்தது. மயிலாப்பூர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி அழிந்தது; பெரும்பாக்கத்தில் அது இன்னும் அடர்த்தியாக விழுந்தது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். அதன் பிறகுதான், அங்கிருந்து அகற்றப்படுவோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கத்திலேயே வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் உறுதியளித்தார். பக்கத்திலேயே இடம் தேட முடியும் என்பது ஓர் உயிர் போன பிறகு தெரிந்தது. உங்கள் அடுத்த மனுவில் அந்த வரியை மாற்றி எழுதுங்கள்: அகற்றும் முன், நடந்து போகும் தூரத்தில் மாற்று வீடு.

ஆக்கிரமிப்பு என்று பேசும்போது இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். பக்கிங்காம் கால்வாயின் இந்த நகரப் பகுதியை 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகளை வைத்துத்தான் வெட்டினார்கள். அதே கால்வாய்க்குள் தூண் நட்டுப் பறக்கும் ரயிலை ஓட்டினோம். தி.நகர் ஏரிக்குள் நிற்கிறது. நீர்நிலையைத் தொடாத கை இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது? பட்டா இருப்பவருக்கு வடிகாலும் இல்லாதவருக்குப் புல்டோசரும் என்று பிரித்துக்கொண்டோம்.

சரி, எப்படிச் செய்வது? பெரிய நிபுணர் குழு எதுவும் வேண்டாம். தெருவுக்கு நான்கு பேர், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டேப்.

2015, 2021, 2023 மூன்று ஆண்டுகளிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டு, சுவரில் பெயிண்டால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: பில்லர் பாக்ஸ், சம்ப் மூடி, மீட்டர் பலகை, ஜெனரேட்டர், வாட்ச்மேன் அறை, தரைத்தள வாடகைக் குடும்பங்கள், ரேஷன் கடை, அங்கன்வாடி. சாலையின் உயரத்தையும் வீட்டு வாசற்படியையும் அளந்து எழுதுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால் சாலை ஏறி வீடு இறங்கிய தெருக்கள் உங்களிடம் நிறைய உண்டு. மில்லிங் செய்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அளவு உங்கள் கையில் இருந்தால் ஒப்பந்ததாரரிடம் கேட்கலாம்.

பிறகு ஆட்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள். தெருவில் தூங்குபவர்கள். தெருவுக்கு வேலைக்கு வருபவர்கள், அவர்கள் வரும் இடம், அங்கே மழைக்கு என்ன ஆகும் என்பது. கால்வாயோரக் குடும்பங்களைப் பற்றி நீங்களாக எழுதாதீர்கள். அவர்களையே உட்கார வைத்து எழுதுங்கள். எந்தத் திசையிலிருந்து நீர் முதலில் ஏறும், எந்த மதகு திறக்காது, போன முறை படகு எந்த மூலையில் வந்து நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இந்தத் தகவல் ஊர் முழுக்கப் பரவ வேண்டியதில்லை. நோயாளிகளின் பெயரும் எண்ணும் தெருவில் பொறுப்பான இருவரிடம் மட்டும் இருந்தால் போதும். அயர்ன் கடைக்காரரின் விவரம் அவரை அகற்றப் பயன்படாது என்ற உறுதியையும் முதலிலேயே கொடுங்கள். அந்த உறுதி இல்லாமல் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

"இதெல்லாம் மாநகராட்சியின் வேலை, நாங்கள் வரி கட்டுகிறோம்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயம். செலவும் கட்டுமானமும் அவர்கள் வேலைதான். அதில் ஒரு பைசா விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் எண்ணாத ஆளுக்குத் திட்டம் வராது. மனுவில் "எங்கள் தெரு அடிக்கடி மூழ்குகிறது" என்று எழுதினால் பத்தோடு பதினொன்றாகக் கட்டுக்குள் போகும். "வாசலில் இத்தனை அடி, பில்லர் பாக்ஸ் இத்தனை அங்குலம் தாழ்வு, தரைத்தளத்தில் இத்தனை குடும்பம், அதில் நடக்க முடியாதவர் மூவர்" என்று எழுதினால் ஏ.இ. பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிலைக் கேட்க ஒரு சபையும் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் முதல்வரே ஒரு பகுதி சபையில் உட்கார்ந்தார். கிராமத்துக்குக் கிராம சபைபோல நகரத்துக்கு இது. சங்கத்தில் சந்தா கட்டியவர் மட்டும் பேசலாம். பகுதி சபையில் ஓட்டு உள்ள எல்லோரும் பேசலாம்: வீட்டுக்காரரும் பேசலாம், வேலைக்கார அம்மாவும் பேசலாம். உங்கள் தெருக்கணக்கைச் சங்கத்தின் பொதுக்குழுவில் வைத்துக் கைதட்டி முடித்துவிடாதீர்கள். பகுதி சபையில் வையுங்கள், தமிழில் வையுங்கள். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டல அலுவலகங்களுக்கு நகல் கொடுத்து, காலநிலை செயல்திட்டத்தில் எங்கள் வார்டுக்கு எந்த ஆண்டில் என்ன வேலை, எவ்வளவு ரூபாய் என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. மூன்று வட்டாரச் சங்கங்களும் புரட்டாசிக்குள் ஒரே ஒரு முறை சேர்ந்து உட்காருங்கள். சீனிவாசபுரத்திலிருந்தும் ஊரூர் குப்பத்திலிருந்தும் இரண்டிரண்டு பேரை, பெரும்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்து இன்றும் உங்கள் வீடுகளுக்கு வேலைக்கு வருபவர்களில் நான்கு பேரை, உங்களுக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முகத்துவாரத்தில் மணல் எடுத்தாயிற்றா என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். வடிகால் மூடி பேச்சை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம். கூட்டம் எந்த நாள் என்று தெரிவித்தால் நோட்டுப் புத்தகத்தோடு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பகுதிவாசி ஒருவர்
மந்தைவெளி, சென்னை